படத்தில் வரும் பகவதி

ஆமாம்மா, நீ நெனைக்கது சரிதான். அந்தப் படத்துல வார பகவதி நான்தான். ஆலங்குளத்துல இருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வாரியே, கேட்டுற வேண்டியதுதான? நான் என்ன கடிச்சா தின்னுருவேன். கண்டக்டர் ஏறும்போதே கண்டுக்கிட்டான். 'பீடி சீன் அம்மால்லா'ன்னு சொல்லி, ஒக்காந்திருந்த ஒரு பயல எழுப்பிவிட்டு எனக்கு இந்த சீட்டப் போட்டுக் குடுத்தான். இப்பம்லாம் எங்க போனாலும் இப்படித்தான்.

எங்க போறேன்னா கேக்க? போகல, திரும்பி வாரேன். பாளையங்கோட்டையில மவன் வீட்டுல இருக்கேன். எங்க நாத்தனாரப் பாக்க வந்தேன். ஆவுடைத்தாய்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த தங்கச்சி. ஒத்தக்கட்டை. அவகிட்ட ஒரு உதவி கேட்டுப் போனேன். போன காரியம் முடிஞ்சிருச்சு. நான் கேட்டத எல்லாம் குடுத்துட்டா, ஒரு மொறைப்பு இல்ல, ஒரு சடவு இல்ல. ஆனா பஸ்ஸுல ஏறுனதுல இருந்து ஒரே யோசனையா வாரேன். நீ யாரோ எவரோ, ஜங்சன்ல எறங்கிப் போயிருவ. ஒங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சு போகுது.

நாளைக்கு ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜுல எனக்குப் பாராட்டுக் கூட்டம். இது புதுசு இல்ல, படம் வந்ததுல இருந்து எத்தனையோ பாத்துட்டேன். வழக்கமா என்ன செய்வாகன்னா, அந்தப் பீடி சீனத் திரையில போட்டுக் காட்டுவாக. எல்லாரும் கைதட்டுவாக. எனக்குச் சால்வை போடுவாக. நான் ஒரு கும்பிடு போட்டுட்டு, 'எல்லாம் எங்க வீட்டுக்காரவுக குடுத்த தைரியம்'ன்னு சொல்லிட்டு ஒக்காந்துருவேன். அவ்வளவுதான். ஆனா இந்தக் காலேஜுப் பிள்ளைக அப்படி இல்ல. ஒரு டீச்சரம்மா போன் போட்டு, 'அம்மா, படம்லாம் போட மாட்டோம். பிள்ளைக கேள்வி கேப்பாக. படத்துல இல்லாத நெசத்த ஒங்க வாயால கேக்கணும்னு ஆசப்படுதாக'ன்னுட்டா. நான் சரின்னு சொல்லாமலே போன வெச்சுட்டேன்.

ஏன்னா, பீடியப் பத்த வெச்சது நான் இல்ல தாயி. ஆவுடை.

இரு, இரு. அதுக்குள்ள மூஞ்சியத் திருப்பாத. நான் பொய் சொல்லல. நான்தான் பத்த வெச்சேன்னு எந்தக் கூட்டத்துலயும் நான் ஒத்த வார்த்த சொன்னது கிடையாது. கூட்டம் போடுதவுகளாச் சொல்லுவாக, நான் கும்பிடுவேன். எனக்கு மறைக்கத் தெரியாது. பொறந்ததுல இருந்தே அப்படித்தான், மனசுல ஒண்ணு இருந்தா அடுத்தாளுகிட்டச் சொல்லிருவேன்.

எங்க வீட்டுக்காரரு தோழர் சிவனணைஞ்ச பெருமாள். படம் அவுக கததான். பீடி சுத்துத பொம்பளைகளுக்குச் சங்கம் கட்டுனவுக. ஒங்க வீட்டுல யாரும் பீடி சுத்துனாகளா? இல்லையா, அப்பம் ஒனக்குச் சொல்லணும். வீட்டுல சுத்துத பீடியக் கட்டுக் கட்டாக் கட்டி, மொறம் இருக்குல்லா, அந்தச் சொளவோட பீடிக்கடைக்குக் கொண்டு போவோம். அங்க ஒரு செக்கர் இருப்பான். இது தொளதொளன்னு இருக்கு, இது பாதியில அணைஞ்சுரும்னு சொல்லி ஒரு பங்கக் கழிச்சு அந்தப் பக்கம் எறிவான். கழிச்சதுக்குக் கூலி கிடையாது. கழிச்ச பீடியத் திருப்பியும் தர மாட்டான். சாயங்காலம் அதையும் நல்ல பீடியோட சேத்து லாரியில ஏத்திருவான். கண்ணு முன்னால நடக்கும். எவளும் வாயத் தொறக்க மாட்டா. தொறந்தா மறுநாளு சுத்துததுக்கு இலையும் பொகையிலத் தூளும் கிடைக்காது.

ஆவுடைதான் ஒருநா தொறந்தா. கலியாணத்துக்குப் பேசி முடிச்சிருந்த பிள்ள. பாவூர்சத்திரத்துல வாத்தியார் மாப்பிள்ள. இவ கட்ட எடுத்து, பாதியில அணைஞ்சுரும்னு செக்கர் கழிச்சிருக்கான். இவ என்ன செஞ்சா, கழிச்ச கட்டுல இருந்தே ஒரு பீடிய உருவி, அத்தன பேரு முன்னாலயும் வாயில வெச்சு, அடியில கட்டுன நூலு வர இழுத்துட்டா. அணையல. வயசுப் பிள்ள, பீடிக்கடையில, தாவணியப் போட்டுக்கிட்டு. அதுக்குப் பொறவுதான் அந்தச் சுத்துவட்டாரத்துல கழிவுப் பீடியக் கையில திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சான், அது உள்ளதுதான். நான் இல்லன்னு சொல்லல.

ஆனா அன்னைக்கு அது எங்களுக்குப் பெருமையாவா இருந்துச்சு? ஊரே சிரிச்சுது. எங்க வீட்டுக்காரவுக சங்க மாநாட்டுக்கு மதுரைக்குப் போயிருந்தாக. வீட்டுல நான் மட்டுந்தான். அவ வாரதுக்கு முன்னாலயே செய்தி வந்துருச்சு. நான் வாசல்லயே நிப்பாட்டி, வாயக் கழுவிட்டு, தலைக்கு ஊத்திட்டு, தாவணிய மாத்திக்கிட்டு உள்ள வான்னேன். பீடி நாத்தத்தோட வீட்டுக்குள்ள வரப்படாதுல்லா. என்ன சிரிக்க? வீடு பூராப் பீடித் தூளு கெடக்கத்தான் செய்யும், அது தொழில் தாயி. இது வேற, அது வேற. ரெண்டு வார்த்த ஏசவும் செஞ்சேன். யாரா இருந்தாலும் ஏசுவாக.

அவுக மதுரையில இருந்து வந்த ஒடனே சொன்னதும் நான்தான். மறைச்சு வெச்சு, பொறவு வெளிய இருந்து ஒருத்தன் வந்து சொன்னா அவுகளுக்கு எவ்வளவு அவமானம். அவுகளுக்குக் கோவம் வந்தா அடிக்க மாட்டாக, பேச மாட்டாக. செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிருவாக. அன்னைக்கும் போயிட்டாக. பொறவு கடசி வரைக்கும் தங்கச்சி முகத்தப் பாத்துப் பேசல. பேசணும்னா என்கிட்டச் சொல்லி, நான் அவகிட்டச் சொல்லுவேன். ஒரே வீட்டுக்குள்ள. ஊரு பொம்பளைகள எல்லாம் தைரியமா வாங்க, வாங்கன்னு கூப்பிட்ட மனுசன்தான். ஆனா அண்ணன்னு ஒண்ணு இருக்குல்லா.

பாவூர்சத்திரத்துக்காரகளும் வேண்டாம்னுட்டாக. அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா கேக்க? மாப்பிள்ளையோட அம்மா சங்கரங்கோயிலுக்குச் சாமி கும்பிட வந்திருந்தா, அங்க வெச்சு நான்தான் சொன்னேன். சொல்லாம விட்டு, தாலி கட்டுன பொறவு தெரிஞ்சா இவ வாழ்க்க என்ன ஆகும்? நல்லதுக்குத்தான் சொன்னேன். அதுக்குப் பொறவு எத்தனையோ எடம் பாத்தோம். 'பீடி குடிச்ச பொண்ணா'ன்னு ஒரே கேள்விதான். எனக்கும் பிள்ளைக வளந்துருச்சு, வீட்டுல ஒரு பேச்சு இருந்துக்கிட்டே இருக்கு. ஆலங்குளம் பக்கம் அவளுக்குத் தனியா ஒரு வீடு பாத்துக் குடுத்தோம். நாங்க ஒண்ணும் அவளத் தெருவுல விடல. நல்லது பொல்லாததுக்குக் கூப்பிடத்தான் செஞ்சோம், அவதான் வர மாட்டா.

அவுக தவறிப் போனதுக்கு ரொம்ப வருசம் கழிச்சு இந்த டைரக்டர் வந்தாரு. நல்ல தம்பி, மரியாதையான தம்பி. அவுகளா நடிக்க வேண்டிய தம்பியையும் கூட்டிட்டு வந்து எங்க மவன் வீட்டுலயே கொஞ்ச நாளு தங்க வெச்சாரு. அவுக எப்படி நடப்பாக, எப்படிச் சாப்பிடுவாக, கோவம் வந்தா என்ன செய்வாகன்னு கேட்டுக் கேட்டு அந்தத் தம்பி நடிச்சுக் காட்டும். ஒருநா அவுக சட்டையப் போட்டுக்கிட்டு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு வாசலத் தாண்டுச்சு பாரு. 'ஏங்க, சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னு வாய் தானா சொல்லிருச்சு. எல்லாரும் சிரிச்சாக. நான் உள்ள போயி அழுதேன்.

டைரக்டர் என்னய உக்கார வெச்சு, 'அவுகளுக்கு வீட்டுல என்ன கஷ்டம் இருந்துச்சு, சொல்லுங்கம்மா'ன்னாரு. அப்பம்தான் நான் ஆவுடை கதையச் சொன்னேன். நான் குத்தமாத்தான் சொன்னேன் தாயி. ஊருக்காக ஒழைச்ச மனுசனுக்குத் தங்கச்சியால எப்பேர்ப்பட்ட தலக்குனிவு பாருங்கன்னு சொன்னேன். அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. 'அம்மா, இதுதான் படம்'ங்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாங்க வாயப் பொத்திக்கிட்டு இருந்த வெசயத்த, படத்துல போடுவேன்னு ஒருத்தன் துள்ளுதான்னா என்ன நெனைக்க?

பொறவு ஒருநா வந்து சொன்னாரு, 'அம்மா, ரெண்டு பொம்பளையக் காட்டுனா சனங்க மனசுல ஒருத்தியும் நிக்க மாட்டா. ஒங்களையும் ஒங்க நாத்தனாரையும் ஒரே ஆளாச் சேத்துருதோம்'ன்னு. அது எப்படித் தம்பி முடியும்னேன். 'இப்படிப்பட்ட படத்துல எல்லாரும் செய்யதுதான்மா. பேரு ஒங்க பேரு, நடந்தது ஒங்க நாத்தனாருக்கு நடந்தது. கதாநாயகனுக்கு ரெண்டு பாட்டு இருக்கு, தங்கச்சி கூடப் பாட வைக்க முடியாதுல்ல?'ன்னாரு. அதும் ஞாயந்தான? ஆவுடைகிட்டயும் போயிக் கேட்டாக. 'மதினி சம்மதிச்சாச் சரி'ன்னுட்டாளாம். நான் சம்மதிச்சேன். சினிமாக்காரகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுறப் போகுது.

படம் பாக்க அவளையும் கூட்டிட்டுப் போனேன். நான் விட்டுட்டுப் போகல. பக்கத்துலதான் உக்கார வெச்சேன். அந்தச் சீன் வந்துச்சு. அந்த நடிகை, நல்ல செவப்பு, தீக்குச்சிய ஒரே ஒரசுல பத்த வெச்சு, செக்கர் மூஞ்சிக்கு நேராப் பொகைய ஊதுச்சு. பின்னால அத்தன பொம்பளைகளும் சொளவத் தட்டிக்கிட்டு நிக்காளுக. தியேட்டரே விசிலு. அவுகளா நடிச்ச தம்பி ஓடியாந்து, கூட்டத்துக்கு நடுவுல அவ தலையில கைய வெச்சு, 'நீ என் வீட்டுல இருக்கது எனக்குப் பெருமை'ங்கான். நான் பக்கத்துல திரும்புதேன், ஆவுடையக் காணும். வெளிய வந்து தேடுதேன், படிக்கட்டுல ஒக்காந்திருக்கா. மூஞ்சியெல்லாம் கண்ணீரு. பொறாமையாத்தான் இருக்கும்னு நெனச்சேன். என்ன இருந்தாலும் நடந்தது அவளுக்குல்லா. என்னயப் பாத்து, 'அண்ணன் அப்படிச் சொல்லியிருப்பானா மதினி?'ன்னு கேட்டா. படந்தானட்டி, அதுக்கெல்லாம் அழுவாகளான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். அத்தோட அவ என்கூடப் பேச்சு வார்த்தய நிப்பாட்டிட்டா. நான் என்ன செஞ்சேன் சொல்லு. செஞ்சது டைரக்டரு.

இப்பம் இந்தக் காலேஜு. பீடிக்கடைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் அங்க இல்லையே. இத்தன வருசத்துல அவகிட்ட நானும் கேட்டதில்ல. யாரும் கேட்டதில்ல. என்னத்தக் கேக்க, அசிங்கத்த? நாளைக்கு ஒரு பிள்ள எந்திரிச்சு, 'கடையில எந்தப் பக்கம் நின்னீங்க, என்ன சொன்னீங்க'ன்னு கேட்டா நான் முழிக்கணும். அவுக பேருக்குல்லா கேடு. அதான் காலையிலயே பஸ் ஏறிட்டேன். கதவத் தொறப்பாளோ மாட்டாளோன்னு பயம். வெசயத்த அவளே வெளிய சொல்லிட்டா என்ன செய்யன்னு அது ஒரு பயம்.

தொறந்தா. உள்ள கூப்பிட்டா. காப்பி போட்டா. நான் சுத்தி வளைக்காமச் சொல்லிட்டேன். 'ஏட்டி, நாளைக்கு எனக்குக் கேள்வி கேப்பாளுக. கடையில நடந்தத எனக்குச் சொல்லிக் குடு'ன்னேன். அவ காப்பி தம்ளரக் கீழ வெச்சுட்டு, 'எதுல இருந்து சொல்லணும் மதினி?'ன்னா.

எல்லாத்தையும் சொன்னா. ஒண்ணு விடாம. நான் திருப்பிச் சொல்லிப் பாக்கேன். 'நான் கதவுக்கு எடப்பக்கம் நின்னேன்'ங்கேன். 'இல்ல மதினி, தராசுக்குப் பக்கத்துல'ங்கா. 'நான் தராசுக்குப் பக்கத்துல நின்னேன்.' சரிங்கா. 'நான் தீக்குச்சிய ஒரசுனேன்'ங்கேன். 'மொத குச்சி ஒடிஞ்சிருச்சு. அடுத்தது அணைஞ்சிருச்சு. செக்கர் சிரிச்சுக்கிட்டே, கொண்டா நான் பத்த வெக்கேன்னு அவன்தான் பத்த வெச்சான்'ங்கா. 'ஏட்டி, இத எப்படி மேடையில சொல்ல? அவனே பத்த வெச்சான்னா என்ன பெரும இருக்கு?'ன்னேன். 'நடந்தத்தான மதினி கேட்டீங்க'ன்னா.

பொம்பளைக எல்லாம் என்ன செஞ்சாளுகன்னு கேட்டேன். 'ஒவ்வொருத்தியா சொளவத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டாளுக. நானும் செக்கரும் பீடியும்தான்'னா. இரும இரும, கண்ணுல தண்ணி ஊத்த இழுத்திருக்கா. பாதி எரிஞ்சதுமே செக்கர் மூஞ்சி சுண்டிப்போச்சாம். கழிச்ச கட்ட எடுத்து அவ சொளவுல போட்டுட்டு, 'எடுத்துக்கிட்டுப் போட்டி'ன்னுட்டானாம்.

'அப்பம் பாதியிலயே காரியம் முடிஞ்சிருச்சுல்லா? கீழ போட்டுட்டு வந்திருக்கலாம்லா? பின்ன ஏம்ட்டி அடி நூலு வர இழுத்த?' சும்மாத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளைக இதத்தான் கேப்பாகன்னு எனக்குத் தோணுச்சு. படத்துல அந்த இடத்துக்கு ஒரு வசனமே வரும், ஒரு பீடி கூட வீணில்லன்னு காட்டணும்னு.

அவ சேலைத் தலப்ப விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. பொறவு, 'அது எரியுத வரைக்கும் வீட்டுக்குப் போகாண்டாம்லா மதினி'ன்னா.

'அண்ணனுக்குப் பயந்தியா?'ன்னேன்.

'அண்ணன் ஊருலயே இல்லையே மதினி.'

அவ்வளவுதான் சொன்னா. எந்திரிச்சுத் தம்ளரக் கழுவப் போயிட்டா. பாரு, எப்படிப் பேசுதா. நான் என்ன அவள அடிச்சேனா? சோறு போடாம இருந்தேனா? வாயக் கழுவச் சொன்னேன். ரெண்டு வார்த்த ஏசுனேன். அதுக்கு ஒருத்தி விரலு சுடுத வரைக்கும் பீடியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளா? கோட்டிக்காரியா இவ?

கெளம்பும்போது கேட்டேன், நாளைக்கு நீயும் வாட்டின்னு. ஒரு மரியாதைக்குக் கேட்டேன், சொந்தக்காரகளுக்கு முன்வரிசையில நாற்காலி போடுவாக. வர மாட்டான்னு நெனச்சேன். 'வாரேன் மதினி'ன்னா. 'நான் வாயத் தொறக்க மாட்டேன், பயப்படாதீங்க. நீங்க சொல்லுதத முன்னால ஒக்காந்து கேக்கேன். யாரும் சொல்லி நான் கேட்டதில்லல்லா'ன்னா. முழுசாச் சொல்லணும்னு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டா. எதையும் விட்டுறப்படாதாம். நானும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். என்ன புத்திகெட்ட வேல பாத்துட்டேன் பாரு.

சீதபற்பநல்லூர் தாண்டிட்டுதா? நீ எறங்கதுக்குள்ள கேட்டுக்கிடுதேன். படிச்ச பிள்ளையாட்டம் இருக்க. பஸ் ஏறுனதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன். தராசுக்குப் பக்கத்துல நின்னேன், வந்துருது. குச்சி ஒடிஞ்சிருச்சு, வந்துருது. கூட இருந்தவளுக எல்லாம் போயிட்டாளுக, அதும் வந்துருது. வீட்டுக்குப் போகப் பயந்துக்கிட்டு அடி நூலு வர இழுத்தேன், அது வரைக்கும் சொல்லிருதேன். அங்க ஒரு பிள்ள எந்திரிச்சுக் கேக்கும்லா, 'வீட்டுல யாருக்கும்மா பயந்தீங்க?'ன்னு. கண்டிப்பாக் கேக்கும். புருசனுக்குன்னு சொல்ல முடியாது, அவுக தலைவரு, படமே அவுகளுக்குத்தான். மதினிக்குன்னு சொல்ல முடியாது, படத்துல எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிட்டாகள்லா, எனக்கு ஏது மதினி? அந்த வீட்டுல இருந்தது நான் ஒருத்திதான். அந்த நடிகையும் நான், பீடி குடிச்சவளும் நான், வாசல்ல நின்னு ஏசுனவளும் நான். அவ முன்னால ஒக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. நீ சொல்லு தாயி, நான் யாருக்குப் பயந்தேன்னு சொல்ல?